தலைவர் வீட்டுப் பின்வாசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கத்தில் ஒரு மலை ஊராட்சி. 2011 முதல் 2016 வரை என் வீட்டுக்காரர் அதன் தலைவர். நான் தலைவர் சம்சாரம். அடுத்த தேர்தலில் அந்த இடம் பெண்களுக்குப் போனது. 2020 ஜனவரி 6 முதல் 2025 ஜனவரி 5 வரை நான் தலைவர். அவர் தலைவர் வீட்டுக்காரர். வீடு அதே வீடுதான். இரண்டு பக்கமும் நின்று பார்த்தாயிற்று. அடுத்த தேர்தலுக்குத் தயாராகிற வீடுகளிலிருந்து தங்கச்சிகளும் மருமகள்களும், இப்போது சில கணவன்மார்களும்கூட, போன் போட்டுக் கேட்கிறார்கள். பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, தலைவர் மனைவி என்பது ஒரு பதவியா?

இல்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, வார்டு உறுப்பினர் உண்டு, கிராம சபை உண்டு. தலைவரைக் கட்டிக்கொண்டவருக்கு என்று ஒரு அதிகாரமும் அதில் எழுதவில்லை. மேலே போனாலும் இதே கதைதான். குடியரசுத் தலைவரின் மனைவியை ‘முதல் பெண்மணி’ என்று பத்திரிகைகள் எழுதும். அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு நாற்காலி கிடையாது. பிரதிபா பாட்டீல் 2007ல் குடியரசுத் தலைவரானபோது அவர் கணவரை என்னவென்று அழைப்பது என்று எல்லோரும் கொஞ்ச நாள் முழித்தோம்.

அமெரிக்காவில் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கேயும் சம்பளம் இல்லை. ஆனால் அதிபரின் மனைவிக்கோ கணவருக்கோ உதவியாளர்கள் வைத்துக்கொள்ள 1978ல் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். 1993ல் ஹிலாரி கிளின்டன் மருத்துவச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தபோது, அவர் அரசு ஆளா வெளி ஆளா என்று வழக்கு வந்தது. அந்தக் குழு சம்பந்தப்பட்ட சட்டத்துக்கு மட்டும் அவரை அரசு ஊழியர் போலவே எடுத்துக்கொள்ளலாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பதவியில்லாமல் வேலை மட்டும் இருக்கிற ஆளை என்ன கணக்கில் சேர்ப்பது என்று அங்கேயும் தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

பதவி இல்லையென்றால் எல்லோரும் ஏன் என்னிடமே வருகிறார்கள்?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் திண்ணை, பிளாஸ்டிக் நாற்காலி, நாளிதழ். அங்கே ஆண்கள். பின்வாசலில் விறகு, துணி துவைக்கிற கல், ஒரு பலா மரம். அங்கே பெண்கள். என் வீட்டுக்காரர் பதவியேற்ற அடுத்த வாரமே இது தானாக அமைந்துவிட்டது. யாரும் போர்டு வைக்கவில்லை.

2012ல், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்த ஒரு காலை. ஆறு மணி இருக்கும். லைன் வீட்டிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, ஒரு அம்மா, கொழுந்து பறிக்கப் போகிற கோலத்திலேயே, இடுப்பில் படுதா கட்டி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கையில் பாலிதீன் கவரில் நாலாக மடித்த காகிதம். லைனுக்குப் பின்னால் மண் சரிந்து கக்கூஸ் சுவர் விழுந்துவிட்டது. வயசுப் பிள்ளைகள் இருட்டில் தேயிலைக்குள் ஒதுங்கப் போகிறார்கள், காட்டுமாடு நிற்கிற இடம். முன்னால் போய்த் தலைவரிடமே கொடுங்களேன் என்றேன். அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அவர்கிட்ட குடுத்தா மேசை மேல வைப்பார் கண்ணு. நீ சோறு போடறப்ப சொல்லுவே.”

உன்னிடம் அதிகாரம் இருக்கிறது என்று நினைத்து யாரும் வருவதில்லை தங்கச்சி. தலைவர் தட்டு முன்னால் உட்காருகிற நேரம் உன் கையில் இருக்கிறது, அதற்காகத்தான் வருகிறார்கள். அதோடு, கக்கூஸ், தீட்டுத் துணி, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், பெண்ணுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் பேசுகிற மாமியார் என்று திண்ணையில் பத்து ஆண்கள் முன்னால் சொல்ல முடியாத விஷயம் ஊரில் ஏராளம். அதெல்லாம் பின்வாசலுக்குத்தான் வரும்.

மனுவை நான் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் உன் கையில் ஒரு ராத்திரிக்கு மேல் இருக்கக் கூடாது. நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். தேதி, பேர், எந்த லைன் அல்லது எந்த ஹட்டி (படுகர் ஊர்), என்ன விஷயம், செயலரிடம் கொடுத்த தேதி. அவ்வளவுதான். காலையில் பால் வாங்கப் போகும்போதே ஊராட்சிச் செயலரிடம் காகிதத்தைக் கொடுத்து நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவேன். முதல் மாதம் அவர் முகம் சுளித்தார். பிறகு பழகிவிட்டது.

தலைவரால் ஆகாத காரியம் நிறைய உண்டு. பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை எல்லாம் வருவாய்த் துறை, வழங்கல் துறை பக்கம். அதை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டால் அவர்களை ஏமாற்றுவதுபோல் ஆகிவிடும். திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் குறைதீர் கூட்டம், தாலுகா ஆபீஸ் எங்கே, எந்தப் பஸ், என்ன ஜெராக்ஸ் என்று சொல்லி அனுப்பு.

ஒரே ஒரு தடவை வாக்குக் கொடுத்தேன். மேல் லைனுக்கு மோட்டார் பழுது. “வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி வந்துடும்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மோட்டார் கோயம்புத்தூர் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர்கள் தலைவரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார்கள். நியாயம்தானே? தேதி சொன்னது நான். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து கிழமை எதுவும் வராது.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், ரிப்பன் வெட்டச் சொல்கிறார்கள். போகலாமா?

பள்ளிக்கூட ஆண்டு விழா, கோலப் போட்டி, மகளிர் குழு விழா, போ. பரிசு கொடு. மைக் கொடுத்தால் இரண்டு நிமிஷம் பேசு. ஊராட்சிப் பணத்தில் கட்டிய கட்டடத்தின் கல்வெட்டில் உன் பெயர் வரக் கூடாது. அதற்கு ஓட்டு வாங்கியவர் பெயர் இருக்கிறது, போதும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறைமுனைக்குப் போகிற வழியில் ‘லேடி கேனிங் சீட்’ என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. மேகம் விலகினால் கீழே தேயிலைச் சரிவும் சமவெளியும் தெரியும். சுற்றுலா வேன்காரர்கள் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள், யாரும் யார் அந்த லேடி என்று கேட்பதில்லை. சார்லட் கேனிங். கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவின் மனைவி. 1857 கலகத்துக்கு மறு வருடம், கணவர் வடக்கே இருக்க, இந்த அம்மா நீலகிரிக்கு வந்து தங்கினார். நன்றாகப் படம் வரைவார். மலையையும் செடிகொடிகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். அதற்கு முன்பு விக்டோரியா ராணியின் அரண்மனையில் அந்தரங்கத் தோழியாக இருந்தவர், ராணிக்குக் கடிதம் எழுதுகிற உரிமை உள்ளவர். யோசித்துப் பார், அரசாங்கத்தின் அறிக்கை போகிற வழி ஒன்று, மனைவியின் கடிதம் போகிற வழி இன்னொன்று. அதுவும் பின்வாசல்தான், கொஞ்சம் பெரிய பின்வாசல். 1861ல் கல்கத்தாவில் மலேரியாக் காய்ச்சலில் 44 வயதில் போய்விட்டார். கணவர் இந்தியாவையே ஆண்டவர். எங்கள் பக்கத்து வேன்காரர் வாயில் தினம் நாலு தடவை வருவது மனைவியின் பெயர்.

வெள்ளைக்காரன் காலத்தில் கோடையில் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு வரும். கூடவே துரைசானிகளும் வருவார்கள். விருந்து, மலர், பரிசளிப்பு மட்டும்தான் அவர்கள் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வைஸ்ராய் டஃப்ரினின் மனைவி 1885ல் ஒரு நிதியம் தொடங்கி, பெண் மருத்துவர்களைப் பயிற்றுவிக்கவும் பெண்களுக்கான ஆஸ்பத்திரிகளுக்கும் பணம் திரட்டினார். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம். பேரரசுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் கணக்கும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. கணக்கில்லாத தொண்டு எங்கே இருக்கிறது, என் கோலப் போட்டியில்கூட இருந்தது.

நம் தமிழ்நாட்டில் தலைவர் மனைவி தானே இறங்கி வேலை செய்ததுண்டா?

நாகம்மையைத்தான் முதலில் சொல்வேன். 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் சிறைக்குப் போனதும் நாகம்மையும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கிவிட்டார்கள். மறியலை நிறுத்தும்படி காந்தியிடம் கேட்டபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் சொல்வார்கள். 1924ல் வைக்கத்துக்கும் நாகம்மை போனார். யாரும் நியமிக்கவில்லை. மணியம்மை இன்னொரு வகை. பெரியார் 1973ல் மறைந்தபின் இயக்கத்தையே தலைமையேற்று 1978ல் தான் இறக்கும்வரை நடத்தினார். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சர். நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டசபை அமளியானது, ஒரு மாதம் முடிவதற்குள் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்துவிட்டது.

தலைவரின் மனைவியை ‘அண்ணி’ என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். தேமுதிகவில் பிரேமலதா விஜயகாந்த் ‘அண்ணியார்’. 2023 டிசம்பரில் பொதுச்செயலாளரே ஆகிவிட்டார். அண்ணி என்று யாராவது கூப்பிட்டால் உஷாராக இரு. அண்ணனிடம் கேட்கக் கூச்சப்படுவதை அண்ணியிடம் கூசாமல் கேட்பார்கள்.

காமராஜருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் வீட்டில் பின்வாசல் தட்டியிருந்தால் திறக்க ஆளில்லை.

கவர், சேலை, ஸ்வீட் பாக்ஸ் வருகிறதே?

வரும். முன்வாசலில் வராது, உன்னிடம்தான் வரும். ஒரு தீபாவளிக்கு ஒரு கான்ட்ராக்டர் வீட்டு அம்மா ஒரு கிலோ மைசூர்பாகு வைத்துவிட்டுப் போனார். குழந்தைகள் இரண்டாவது அடுக்குக்குப் போனபோது அடியில் காக்கிக் கவர். என்ன தொகை என்று பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மனசு கணக்குப் போட்டிருக்கும். பாதி தின்ற பெட்டியோடு அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். மிச்ச மைசூர்பாகும் போனதில் சின்னவனுக்கு இன்றுவரை வருத்தம்.

சட்டம் தெரிந்துகொள். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பொது ஊழியரைத் தன் செல்வாக்கால் முறை தவறி நடக்கவைக்க யார் எதை வாங்கினாலும் குற்றம், மூன்று முதல் ஏழு வருடம் சிறை. ‘நான் பதவியில் இல்லையே’ என்பது அங்கே எடுபடாது. பதவியில் இல்லாத ஆளுக்காகவே எழுதிய பிரிவு அது.

சேலை? மகளிர் குழு எல்லோரும் சேர்ந்து பொதுவில் போர்த்தினால் வாங்கிக்கொள். தனியாகக் கொண்டுவந்தால் காபி கொடுத்து அனுப்பு.

நான்தான் தலைவர். ஆனால் எல்லோரும் என் கணவரிடம் பேசுகிறார்கள். என்ன செய்வது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். நிதானமாகவே சொல்கிறேன்.

தலைவர் மனைவியாக இருந்த ஐந்து வருடத்தில் நான் ஊராட்சி அலுவலக நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காரச் சொன்னதுமில்லை. நான் தலைவரான முதல் வாரம் அலுவலகத்துக்குள் நுழைகிறேன், என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொரு நாற்காலி, துண்டு போட்டு. “அண்ணனுக்கு” என்றார்கள். மனைவிக்குப் பலா மரத்தடி, கணவனுக்குத் துண்டு போட்ட நாற்காலி. பதவியில்லாத பங்கு என்று பேச்சு வந்தால் எனக்கு இந்த இரண்டு காட்சியும்தான் ஞாபகம் வரும்.

2020 ஜனவரி 26, என் முதல் கிராம சபை. வாய்க்கால் பற்றி ஒருவர் கேட்டார். முன் வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்ல பதில்தான், எனக்கே அவ்வளவு விவரம் தெரியாது. “நீங்க உட்காருங்க, நான் சொல்றேன்” என்றேன். கூட்டம் சிரித்தது. இரண்டு நாள் அவர் என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலி இப்போது அங்கன்வாடியில் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் மூன்றே நாளில் முடியாது என்று தெரியும். செய்யக்கூடியது இவ்வளவு. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்; வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைக்காதே. டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு பென்டிரைவ் தருவார்கள், அதையும் பாஸ்வேர்டையும் கணவர் சட்டைப் பையில் விடாதே. நான் தாலிக்கயிறு மாதிரி கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக போன் நம்பர் உன் கையில் இருக்கட்டும். ஓவர்சியரோ வேறு யாரோ “அண்ணன் இருக்காரா” என்று கேட்டால், “என்ன விஷயம், சொல்லுங்க” என்று கேள். நாலு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை நேரே சொல்வார்கள். மீட்டிங்குக்குக் கணவரை அனுப்பாதே. காய்ச்சலென்றால் துணைத் தலைவரை அனுப்பு.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 1993ல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் சொன்னது. தமிழ்நாடு அதை 2016ல் பாதியாக்கியது. நாடு முழுக்க இந்தப் பினாமிக் கணவர் பிரச்சினை பெரிதாகி, மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழு 2025ல் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. தண்டனை வரட்டும். ஆனால் துண்டு போட்ட நாற்காலியை என் கணவர் கொண்டுவந்து போடவில்லையே, அலுவலகத்திலிருந்தவர்கள்தானே போட்டார்கள். அதற்கு என்ன தண்டனை?

அப்படியானால் கணவர் எந்த வேலையும் செய்யக் கூடாதா?

நான் செய்ததையெல்லாம் செய்யலாம். என் வீட்டுக்காரர் கொரோனா சமயத்தில் வண்டி எடுத்துக்கொண்டு லைன் லைனாக அரிசி இறக்கினார். ஹட்டியில் துக்கமென்றால் எனக்கு முன்னால் போய் நின்றார். வருகிறவர்களுக்குக் கட்டன்சாயா போட்டு வர்க்கியோடு வைக்கக் கற்றுக்கொண்டார்; முதல் வருடச் சாயா வாயில் வைக்க முடியாது. ஒரே ஒரு வித்தியாசம். பெண்கள் அவரிடம் எதையும் சொல்லவில்லை. நான் மீட்டிங்கில் இருந்தால், பின்வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பெண் தலைவரின் வீட்டில் பின்வாசலுக்கு ஆள் இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு நான் என் நாத்தனாரை உட்கார வைத்தேன். நோட்டும் அவரிடமே.

கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாவற்றுக்கும் போயே ஆக வேண்டுமா?

துக்கத்துக்குக் கட்டாயம். மற்றதற்கு முடிந்தால். தலைவர் வர முடியாத சாவு வீட்டில் அவர் மனைவி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் குறை தீர்ந்துவிடும். எதிரணி வீடாக இருந்தால் அவசியம் போ. மலையில் நாலு கிலோமீட்டர் என்பது மூடுபனியில் ஒன்றரை மணி நேரம், டார்ச்சும் குடையும் பையிலேயே இருக்கட்டும்.

தேர்தலில் கணவருக்காக ஓட்டுக் கேட்கலாமா?

தாராளமாக. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை என்பதால் வீட்டு முகம்தான் சின்னம். சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் மனைவியின் நகை, நிலம், கடன், வருமானம் எல்லாமே வந்துவிடும். அம்மா வீட்டுச் சீதனம் எத்தனை பவுன் என்று ஊரே படிக்கும். முன்கூட்டியே மனசைத் தயார் பண்ணிக்கொள்.

கணவர் செய்வது தப்பு என்று எனக்குத் தெரிந்தால்?

சோறு போடும்போது சொல். முன்வாசலில் சொல்லாதே, பின்வாசலிலும் சொல்லாதே. கேட்கவில்லையென்றால் அந்த விஷயத்தில் ஒரு காகிதத்தையும் கையால் தொடாதே. இதற்கு மேல் நான் உனக்குச் சொல்லித்தர முடியாது. என் வீட்டில் நடந்த ஒன்றிரண்டை எழுதவும் மாட்டேன்.

பதவி முடிந்தால் எல்லாம் முடிந்துவிடுமா?

2025 ஜனவரி 5 அன்று எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரை ஊராட்சியைப் பார்த்துக்கொள்ள அரசின் தனி அலுவலர் வந்துவிட்டார். சாவி, முத்திரை, பென்டிரைவ் எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. முன்வாசல் திண்ணை ஒரே வாரத்தில் காலி. நாளிதழ் படிக்கக்கூட ஆள் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பின்வாசலில் சத்தம். அதே லைன் வீட்டு அம்மா, இப்போது கொழுந்துக்குப் போவதில்லை, முட்டி போய்விட்டது. பேத்தியின் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறவில்லையாம். நான் இப்போது யாருமில்லை அம்மா, அவரும் யாருமில்லை என்றேன். “அது தெரியும். உக்காந்து எழுது” என்று காகிதத்தை நீட்டினார். பழைய நோட்டு தீர்ந்துபோயிருந்தது. சின்னவனின் கணக்கு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தேதி போட்டேன்.